புல்லுக்குத் தரகு பேசின ஆளு

ஆட்டுத் தரகன் ஒருத்தன் ஊருக்குள்ள வந்து, "ஆட்டைக் குறைங்க, புல்லைக் காப்பாத்துங்க"ன்னு சொன்னா நீங்க நம்புவீகளா? நாங்க நம்பல. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்னு சின்னப் புள்ளையில இருந்து கேட்டு வளந்த சனம் நாங்க. ஓநாயே வந்து குடை புடிக்கிறேன்னு நின்னா என்ன செய்வோம்? குனிஞ்சு கல்லைத்தான் எடுப்போம்.

அந்த ஆளுக்கும் ஒரு பேரு இருந்திருக்கும். யாரும் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல. பந்தல்குடியில இருந்து திருச்சுழி வரைக்கும் இருக்கிற அத்தனை ஆட்டுக்காரங்களுக்கும் தரகருன்னா அவருதான். கோயில் கொடைக்குக் கிடா வேணும்னாலும் அவருகிட்டதான் போகணும். கிறிஸ்மஸுக்கு வேதக்காரத் தெருவுல ஆடு வேணும்னாலும் அவருதான் ஓட்டிட்டுப் போவாரு. நெத்தியில துன்னூறு இருக்காது, கழுத்துல சிலுவையும் இருக்காது. "நீரு எந்தச் சாமிய்யா கும்புடுறீரு?"ன்னு எங்க பெரிய கீதாரி மாமா ஒருக்கக் கேட்டாக. கீதாரின்னா ஆட்டுக்காரங்களுக்கெல்லாம் மூத்தவுக. மந்தையை எந்தப் பக்கம் விடணும், ராத்திரிக்கு யாரு காட்டுல அடைக்கணும்னு சொல்றவுக. அவுக கேட்டதுக்கு இந்த ஆளு, "ஆடு எந்தச் சாமியைக் கும்புடுதோ அதேதான்"ன்னுட்டு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு. இதெல்லாம் ஒரு பதிலா?

அதை விட ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அந்த ஆளு கறி திங்க மாட்டாரு. பொழுதன்னைக்கும் ஆட்டை வாங்கி விக்கிற மனுசன், கொடை அன்னைக்கு ஊரே இலையில கறியைக் குமிச்சு வச்சுத் திங்கும்போது, ரசத்தை ஊத்திப் பெசைஞ்சு தின்னுட்டு எந்திரிப்பாரு. கேட்டா, "வயித்துக்கு ஆகாது"ம்பாரு. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? கறி திங்காத ஆட்டுத் தரகனை எந்த ஊர்லயாச்சும் நம்புவாகளா சொல்லுங்க.

அந்தத் துண்டு இருக்கே, அதைச் சொல்லாம அந்த ஆளைச் சொல்ல முடியாது. சேப்புக் கரை போட்ட பெரிய துண்டு. வாங்கினப்ப வெள்ளையா இருந்திருக்கும். நாங்க பாத்தப்ப அது புழுதி நிறத்துல இருந்துச்சு, ஆட்டு மொச்சை அடிச்சுச்சு. சந்தையில விலை பேசுறதெல்லாம் அதுக்குள்ளதான். விக்கிறவன் கையை ஒரு தரம் துண்டுக்குள்ள புடிப்பாரு, வாங்குறவன் கையை ஒரு தரம் புடிப்பாரு. விரலைத் தொட்டா ஒரு கணக்கு, மடக்கினா ஒரு கணக்கு. உள்ள என்ன நடக்குதுன்னு பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாது. ரெண்டு மூணு தடவை அங்கிட்டும் இங்கிட்டும் நடப்பாரு. திடீர்னு துண்டை உருவி மேல தூக்கி, "முடிஞ்சது!"ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். அவரு முடிஞ்சதுன்னுட்டா முடிஞ்சது. அதுக்கு மேல வாயைத் தொறந்தா சந்தையில மருவாதி இல்ல.

எம் புருசன் உசுரோட இருந்தப்ப, யுத்தம் நடந்துக்கிட்டு இருந்த காலம், அருப்புக்கோட்டைச் சந்தைக்கு ஒரு கிடாயைப் புடிச்சுக்கிட்டுப் போனோம். நல்ல கிடா. வாங்க வந்தவரு நெசவுக்காரரு, வீட்டுல தெலுங்கு பேசுறவுக. எங்க வீட்டு ஆளு சொன்ன விலையில இருந்து எறங்கவே இல்ல, அவரும் ஏறவே இல்ல. தரகர் துண்டை ஆட்டிக்கிட்டு நடந்தாரு, நடந்தாரு, கடைசியில "முடிஞ்சது!"ன்னாரு. கிடா கை மாறிருச்சு. திரும்பி வர்ற வழியில தண்ணி குடிக்க ஒரு கிணத்தடியில நின்னா, அந்த நெசவுக்காரரும் கிடாயோட அங்கதான் நிக்கிறாரு. பேச்சுவாக்குல சொன்னாரு: "நீங்க எறங்கி வந்தீகன்னு தரகர் சொன்னாரு, சரி போகட்டும்னு நானும் கொஞ்சம் ஏறிட்டேன்." எங்க வீட்டு ஆளு முழிக்கிறாரு. "நான் எங்க முந்தி எறங்கினேன்? நீங்க ஏறி வந்தீகன்னு சொல்லப் போயில்ல நானும் கொஞ்சம் எறங்கினேன்!" ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டாக. ஆம்பளைகளுக்கு இதெல்லாம் சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. விறுவிறுன்னு சந்தைக்குத் திரும்பிப் போயி அந்த ஆளைப் புடிச்சேன்.

"ஏன்யா தரகரே, இல்லாததைச் சொல்லியா யாவாரம் பண்றீரு?"

அந்த ஆளுக்குக் கோவமே வரல. "ரெண்டு பேருக்கும் முடிக்கணும்னு மனசுல இருந்துச்சு தாயி. யாரு முந்திச் சொல்றதுன்னுதான் தொண்டையில நின்னுச்சு. நான் சொல்லிட்டேன்."

"அப்ப பொய்யி."

"தரகு"ன்னாரு.

அன்னைக்கே மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன், இந்த ஆளு சாமி சத்தியமா ஒரு நாளும் உண்மை பேச மாட்டான்னு.

ஊருக்குள்ள வந்தாருன்னா மொதல்ல ஆட்டுப் பட்டிக்கு வர மாட்டாரு. நேரா பொட்டலுக்குத்தான் போவாரு. எங்க ஊருக்கு மேக்க ஒரு பொட்டல், கெழக்க ஒரு பொட்டல். ரெண்டும் ஊர்ப் பொது, எல்லாரு ஆடும் மேயும். அங்க போயி குத்த வச்சு உக்காந்து ஒரு புல்லைப் புடிச்சு இழுப்பாரு. நுனி அத்து வந்தா தலையை ஆட்டிக்குவாரு. வேரோட வந்துச்சுன்னா அதைக் கையில வச்சு மண்ணைத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டே இருப்பாரு. ஒருக்க நான் கேட்டேன், "என்னத்தைய்யா பாக்குறீரு, ஆட்டையா வாங்க வந்தீரு, புல்லையா?"ன்னு. "புல்லு வேரோட வந்தா அந்த ஊர்ல அடுத்த வருசம் ஆடு மலிவா வரும் தாயி"ன்னாரு. அப்படியே சொன்னாரு, மறைக்கக்கூட இல்ல. அப்ப எங்க கேடுகாலத்தைத்தான் இந்த ஆளு கணக்குப் பாத்துக்கிட்டுத் திரியிறாருன்னு நெனைச்சேன். "இதுக்குத்தானா?"ன்னேன். "இதுக்கும்தான்"ன்னாரு.

ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொன்னாக. பட்டாளத்துக்குக் கறி குடுக்கிற கண்ட்ராக்டுக்காரன் வச்ச ஆளுன்னாக. ஆகாயக்கப்பல் எறங்குறதுக்குச் சர்க்காரு பொட்டலைப் பாக்குது, அதுக்குத்தான் இவன் மண்ணைத் தட்டிப் பாக்குறான்னாக. மேக்குப் பொட்டல்ல என்னமோ புதையல் கிடக்குன்னுகூட ஒருத்தன் சொன்னான். அந்தப் பொட்டல்ல ஆட்டுப் புழுக்கையைத் தவிர ஒண்ணும் கிடையாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் ரெண்டு நாள் எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு.

யுத்தம் முடியிறதுக்கு முந்தி எம் புருசன் பேதியில போயிட்டாரு. காலையில ஆட்டை ஓட்டிட்டுப் போன மனுசனைச் சாயங்காலம் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு வந்தாக. அவரு விட்டுட்டுப் போனது ஒரு மந்தை ஆடு. எனக்குப் புள்ள குட்டி இல்ல. அந்த ஆடு இருக்கிற வரைக்கும்தான் நான் அந்த ஊர்ல ஒரு ஆளு. ஆடு போச்சுன்னா எங்க அண்ணன் வீட்டு அடுப்படிதான், மதினிகாரி போடுற சோறுதான். எங்கொழுந்தன், துட்டி கேக்க வந்தவுக கலையிறதுக்குள்ள, "மதினி, ஆட்டை நான் சேத்து மேய்ச்சுக்கிறேனே"ன்னு வந்து நின்னான். "எங்கையில கம்பு இருக்கு, போடா"ன்னேன். அன்னையில இருந்து நானே மேய்ச்சேன்.

அந்தக் கோடையில பொட்டல் ரெண்டும் மொட்டையடிச்ச தலையா இருந்துச்சு. குட்டிகள்ல பாதி பொழைக்கல. புரட்டாசியில பெரிய கீதாரி மாமா ஊருணிக்கரைக்கு எல்லாரையும் வரச் சொன்னாக. இந்த வருசம் மழை பெய்ஞ்சா என்ன செய்யலாம், பெய்யாட்டி எங்கிட்டு ஓட்டலாம்னு பேசத்தான் கூட்டம். கூப்பிடாமயே வந்து நின்னாரு தரகர். துண்டு தோள்ல கிடக்கு.

பேச விட்டாக. அவரு சொன்னது இவ்வளவுதான்: "ஐப்பசி மழை விழுந்து ஒரு விரக்கடை புல்லு மொளைக்கும் முந்தியே மந்தையை எறக்கிர்றீக. ஆடு வேரோட புடுங்கித் தின்னுருது. அது பூக்கவும் விடல, விதை கொட்டவும் விடல. அப்புறம் மறுவருசம் எங்க இருந்து மொளைக்கும்? மேக்குப் பொட்டலை மூடுங்க. மாசி முடியிற வரைக்கும் ஒரு ஆடு உள்ள போகக் கூடாது. அதுவரைக்கும் கெழக்க மேயுங்க. காஞ்ச புல்லா நின்னாலும் கோடைக்கு அது சோறு. கெழக்குப் பொட்டலு தாங்கணும்னா கிழட்டு ஆட்டையும் மிச்சக் கிடாயையும் இப்பவே தள்ளுங்க."

"யாருகிட்ட தள்ள?"ன்னு எங்கொழுந்தன் கேட்டான்.

"எங்கிட்டயும் தள்ளலாம்"ன்னாரு.

கூட்டமே சிரிச்சுச்சு. பெரிய கீதாரி மாமா, "ஆகா, அதான பாத்தேன். பூனைக்குட்டி வெளிய வந்துருச்சுல்ல"ன்னாக. நானும் சிரிச்சேன். ஆனா சிரிப்பு அடங்கினதும் ஒருத்தரும் எந்திரிச்சுப் போகல. ஏன்னா போன கோடையில செத்த குட்டியைப் பொதைச்ச மண்ணு எல்லாரு கையிலயும் இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒருத்தன் மெதுவா, "எல்லாரும் மூடுனா நானும் மூடுவேன்"னான். இன்னொருத்தன், "அவன் மூடட்டும் மொதல்ல, நான் மூடுறேன்"னான். "நான் மூடிட்டு உக்காந்திருப்பேன், நீ ஒம் மந்தையை விடியக்கருக்கல்ல உள்ள தள்ளுவ, எனக்குத் தெரியாதாலே?" "யாருலே தள்ளுறது?" கையை ஓங்குற அளவுக்கு வந்துருச்சு.

தரகர் துண்டைத் தோள்ல இருந்து எடுத்தாரு. "வாயில கேட்டா வீம்புதான் பேசும். கையில சொல்லுங்க. சம்மதம்னா என் ஆள்காட்டி வெரலைப் புடிங்க. சம்மதம் இல்லைன்னா கையை மூடிக்கிருங்க. யாரு என்ன சொன்னாகன்னு வெளிய வராது. எல்லாரும் சம்மதிச்சாத்தான் மூடுறது. ஒரு கை மூடியிருந்தாலும் இந்தப் பேச்சை விட்டுருவோம், நான் இந்தப் பக்கம் வாயே தொறக்க மாட்டேன்."

இது எங்க ஆளுகளுக்குப் புடிச்சுப் போச்சு. துண்டுக்குள்ள பேசுறதுக்கு ஒரு கட்டு இருக்குல்ல, அதை எவனும் மீற மாட்டான். ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயி கையை உள்ள விட்டாக. மூஞ்சியைக் கல்லு மாதிரி வச்சுக்கிட்டுத் திரும்பி வந்தாக. என் மொறை வந்துச்சு. எங்கொழுந்தன் எந்திரிச்சு, "மதினிக்கும் சேத்து நானே சொல்லிர்றேன்"னான். பொம்பளை, அதுவும் தாலி அறுத்தவ, ஊருக்கு முன்னால ஒரு ஆம்பளை துண்டுக்குள்ள கையை விடுறதான்னு கசமுசன்னு பேச்சு. எனக்கு எங்க இருந்துதான் ஆங்காரம் வந்துச்சோ. "ஆடு என்னுது, கை என்னுது. எவன்டா எனக்குப் பதிலாச் சொல்றது?"ன்னு நடந்தேன்.

தரகர் துண்டை ஒரு மடிப்பு சேத்து மடிச்சாரு. "துண்டுக்கு ஆம்பள பொம்பள தெரியாது தாயி"ன்னாரு. உள்ள கையை விட்டேன். நான் நெனைச்சதெல்லாம் எம் மந்தையைத்தான். கெழக்குப் பொட்டல்ல இத்தனை ஆடு சேந்து மேய்ஞ்சா பொம்பளை ஓட்டுற மந்தைக்குத்தான் கடைசி எடம். ஆம்பளைக கம்பைச் சொழட்டிக்கிட்டு முந்திப் போயிருவாக. எனக்கு மேக்குப் பொட்டல் வேணும். கையை இறுக்கி மூடி, அந்த ஆளு உள்ளங்கையில நங்குன்னு ஒரு இடி இடிச்சேன். துண்டு குலுங்கினதை எல்லாரும் பாத்திருப்பாக. அந்த ஆளு மூஞ்சியில ஒரு மாத்தமும் இல்ல.

எனக்கு அப்புறம் ரெண்டு மூணு பேரு போனாக. கடைசிக் கையை விட்டுட்டு, துண்டை உருவி மேல தூக்கினாரு. "முடிஞ்சது! எல்லாரும் சம்மதம். ஒரு கைகூட மூடல."

வாய் வரைக்கும் வந்துருச்சு, அடப்பாவி, நான் இடிச்ச இடி வலிக்கலையான்னு. சுத்திப் பாத்தேன். எல்லாரும் கம்முன்னு உக்காந்திருக்காக. நான் மட்டும் வாயைத் தொறந்தா என்ன ஆகும்? ஊரே சம்மதிச்ச ஒண்ணுக்கு இந்த அறுதலி மட்டும் குறுக்க நின்னான்னு பேரு வரும். மழை பொய்ச்சாலும் எந்தலையிலதான் விடியும். பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஆட்டுக்காக இல்ல. நான் பொம்பளைன்னுதான், புருசன் இல்லாதவன்னுதான் எங்கையை அவன் ஒரு கையா எண்ணலைன்னு அழுதேன். அத்தனை ஆம்பளை கையும் வெரலைப் புடிச்சிருக்கு, இவ கை ஒண்ணு மூடினா என்ன, தொறந்தா என்னன்னு நெனைச்சுட்டான். புருசன் செத்தன்னைக்குக்கூட எனக்கு அப்படி வலிக்கல, சத்தியமாச் சொல்றேன்.

மறுநாளு பேச்சுப்படி கிழட்டு ஆட்டையெல்லாம் ஓட்டிட்டு வந்தாக. எங்கிட்ட நெத்திச்சுட்டி ஆடு ஒண்ணு, எம் புருசன் குட்டியில இருந்து தூக்கி வளத்தது. பல்லு விழுந்துருச்சு. அதையும் சேத்து அந்த ஆளுகிட்டதான் குடுத்தேன். கயித்தைக் கையில குடுக்கிறப்ப, "நல்லா இருப்பீரு"ன்னு சொன்னேன். எப்படிச் சொன்னேன்னு அவருக்குத் தெரியும். கயித்தை வாங்கி ஓட்டிக்கிட்டுப் போனாரு.

ஐப்பசியில ஒரே ஒரு மழை. நல்ல மழைதான், அதோட சரி. மேக்குப் பொட்டலுக்குப் போற வண்டிப்பாதையில இலந்தை முள்ளை வெட்டிப் போட்டு, குறுக்க கயித்தைக் கட்டி வேப்பங்கொழையைத் தொங்க விட்டாக. சாமிக்குக் காப்புக் கட்டுற மாதிரி பொட்டலுக்குக் காப்பு. அதுக்குக் காவல் யாரும் போடல. போட வேண்டியதே இல்லாமப் போச்சு. எவனும் எவனையும் நம்பல பாருங்க. எங்கொழுந்தன் விடியக்காலம் போயி முள்ளு நகந்திருக்கான்னு பாப்பான். பெரிய கீதாரி மாமா வெளிக்குப் போறேன்னு அந்தப் பக்கமே போவாக. நான் போயி மண்ணுல குளம்புத்தடம் கிடக்கா, புதுப் புழுக்கை கிடக்கான்னு தேடுவேன். ஒருத்தரை ஒருத்தர் அங்க வச்சுப் பாத்துக்கிட்டா, "சும்மா இந்தப் பக்கமா வந்தேன்"ம்போம்.

கார்த்திகையில ஒரு நா காலையில உள்ள ஆளு நிக்கிறது தெரிஞ்சுச்சு. சேப்புக் கரை. ஆகா, ஆம்புட்டுக்கிட்டாண்டா திருடன்னு முள்ளைத் தாண்டிக் குதிச்சேன். சீலை கிழிஞ்சுச்சு, பாக்கல. அந்த ஆளு வாங்கிட்டுப் போற ஆடெல்லாம் வெளிய நிக்கிது, மரத்துல கட்டிப் போட்டிருக்கு. அவரு மட்டும் உள்ள, முழங்கால் மட்டும் நிக்கிற கொழுக்கட்டைப் புல்லுக்குள்ள கையைத் தொங்கப் போட்டு நிக்கிறாரு.

"என்னய்யா பண்றீரு உள்ள?"

"புல்லு பூத்திருக்கு தாயி."

"அது என் கண்ணுக்கும் தெரியுது. நீரு என்ன பண்றீரு?"

"பாக்குறேன்"ன்னாரு.

மடியைத் தட்டிக் காட்டச் சொன்னேன். காட்டினாரு. ஒண்ணும் இல்ல, புகையிலைதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் எனக்கு அடக்க முடியல. "அன்னைக்குத் துண்டுக்குள்ள எங்கை என்னய்யா சொன்னிச்சு? இப்பச் சொல்லும் எனக்கு. பொம்பளை கைதானேன்னுதான தூக்கிப் போட்டுட்டீரு?"

அந்த ஆளு என்னை நிமிந்து பாத்தாரு. என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் தலையை ஆட்டிட்டு, "துண்டுக்குள்ள பேசினதை வெளிய கேக்கக் கூடாது தாயி. உங்கிட்ட சொன்னா நாளைக்கு இன்னொருத்தர்கிட்டயும் சொல்லணும்"ன்னாரு. முள்ளை அவரே திரும்ப எடுத்து வச்சுட்டுப் போயிட்டாரு. போறவரு முதுகுல மண்ணை வாரித் தூத்தினேன். காத்து எம்மேலயே அடிச்சிருச்சு.

மாசியிலயே கெழக்குப் பொட்டல் ஒரு புல்லு இல்லாம வெளுத்துருச்சு. கொளத்துல சேறுகூட இல்ல. சுத்துப்பட்டுல ஆடு நின்ன எடத்துலயே விழுந்துச்சு. தோலுக்குக்கூட ஆள் வரல. மாசி போயி பங்குனி பொறந்த அன்னைக்குப் பெரிய கீதாரி மாமா காப்புக் கயித்தை அவுத்தாக. மேக்க மஞ்சளா, காஞ்சு, இடுப்பு மட்டும் நிக்கிது புல்லு. விதையெல்லாம் கீழ கொட்டிக் கிடக்கு. மந்தை உள்ள எறங்கினதும் சரசரன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, இத்தனை ஆடும் ஒண்ணாக் கடிக்கிற சத்தம். எம் பக்கத்துல எங்கொழுந்தன் நின்னான். ஆடி வரைக்கும் அந்தப் புல்லுதான் சோறு போட்டுச்சு. எம் மந்தையில ஒரு குட்டி சாகல. நான் அண்ணன் வீட்டு அடுப்படிக்குப் போகல.

இதைக் கேட்டதும் தரகரைக் கும்புடத் தோணுதுல்ல? பொறுங்க. சித்திரையில அந்த ஆளு எங்க ஊரு வழியா ஒரு கூட்டம் ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்தாரு. எலும்பும் தோலுமா, நடக்க மாட்டாம நடக்குது. பக்கத்து ஊருகள்ல தவிட்டு விலைக்கு வாங்கினது. நான் மறிச்சுக் கேட்டேன், "அடுத்தவன் கண்ணீர்ல யாவாரமா?"ன்னு.

"அங்கயும் போயி இதே மாதிரி சொன்னேன் தாயி. வெரட்டி விட்டாக. விட்டா செத்திரும், அதான் வாங்கினேன். எனக்கும் வயிறு இருக்குல்ல"ன்னாரு.

இப்பச் சொல்லுங்க, அந்த ஆளு நல்லவனா கெட்டவனா? ஊரு நல்லா இருந்தாலும் அவருக்கு ஆடு கெடைக்கும், கெட்டாலும் கெடைக்கும். பின்ன எதுக்கு எங்க கையை எல்லாம் புடிச்சுக்கிட்டு நின்னாரு? எனக்கு வெளங்கல. அந்த மந்தையை எங்க மேக்குப் பொட்டல் ஓரமா ஒரு வாய் மேய விடுறேன்னு கேட்டிருந்தா அன்னைக்கு நாங்க விட்டிருப்போம். அதையும் கேக்கல. சுத்துப் பாதையில ஓட்டிக்கிட்டே போயிட்டாரு.

அதுதான் நான் அவரைக் கடைசியாப் பாத்தது. அந்த வருசம் புரட்டாசியில அந்த ஆளு வரல. மதுரைப் பக்கம் போயிட்டாருன்னாக. யாரோ அடிச்சுப் போட்டுட்டாகன்னும் ஒரு பேச்சு. பேரு தெரியாத ஆளை எங்க போயி விசாரிக்கிறது?

ஊருணிக்கரையில திரும்பக் கூட்டம். மேக்கயே மூடலாமா, இந்தத் தடவை கெழக்க மூடலாமா, இல்ல ரெண்டையும் தொறந்தே விட்டுரலாமான்னு பேச்சு. பழையபடி, "அவன் மூடட்டும், நான் மூடுறேன்". ஒருத்தன் எரிச்சல்ல, "போன வருசந்தான் எல்லாரும் ஒரே வெரலைப் புடிச்சீகள்ல, இப்ப என்ன கேடு?"ன்னான்.

பெரிய கீதாரி மாமா கம்பைக் கீழ வச்சாக. தொண்டையைச் செருமினாக. "வயசாச்சு, இனிமே மறைச்சு என்ன. நான் வெரலைப் புடிக்கலப்பா. கையை மூடித்தான் வச்சேன். நீங்கல்லாம் சம்மதிச்சுட்டீகளேன்னு வெக்கத்துல வாயை மூடிக்கிட்டேன்"ன்னாக.

அப்புறம் அந்தக் கோடியில இருந்து ஒருத்தன், "நானும் மூடித்தான் வச்சேன்"னான். எங்கொழுந்தன் தரையைப் பாத்துக்கிட்டே, "நானுந்தான்"னான். ஒண்ணு, ரெண்டு, நாலு... ஒருத்தன் பாக்கி இல்ல. அத்தனை கையும் மூடின கை. அந்த ஆளு மூடின கையா எண்ணி எண்ணிப் பாத்துட்டு, துண்டைத் தூக்கி, எல்லாரும் சம்மதம்னு கூசாமச் சொல்லியிருக்கான்!

ஒருத்தன் கெட்ட வார்த்தை சொன்னான். ஒருத்தன், "வரட்டும், வேப்பமரத்துல கட்டி வைப்போம்"னான். எனக்கு அது ஒண்ணும் காதுல ஏறல. நெஞ்சுக்குள்ள ஒரு வருசமா அடைச்சுக் கிடந்தது பொத்துனு விழுந்துச்சு. அந்த ஆளு என் கையை ஒதுக்கல. பெரிய கீதாரி கையை எப்படி ஏமாத்தினானோ, அப்படியே என் கையையும் ஏமாத்தியிருக்கான். எல்லாக் கையோடயும் ஒரு கையா வச்சுத்தான் பொய் சொல்லியிருக்கான். சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துச்சு, முந்தானையை வாயில வச்சு அடைச்சுக்கிட்டேன்.

"பொய்யி மேல நின்ன பேச்சு, இனிமே அது செல்லாது. அவனவன் ஆட்டை அவனவன் இஷ்டத்துக்கு விடட்டும்"னு எங்கொழுந்தன் எந்திரிச்சான். அவன் பின்னாலயே ரெண்டு பேரு எந்திரிச்சாக. அவ்வளவுதான், கலைஞ்சிரும். மழை விழுந்தன்னைக்கு எல்லா மந்தையும் மேக்க எறங்கும், எனக்கு அப்படியே கண்ணுல தெரிஞ்சுச்சு. போன கோடையில பக்கத்து ஊருல விழுந்து கிடந்த ஆடும் தெரிஞ்சுச்சு.

அப்பத்தான் மாமா என் பக்கம் திரும்பினாக. "மருமகளே, நீ ஒருத்திதான் இன்னும் சொல்லல. நீயும் மூடித்தான வச்ச?"

எந்திரிச்சவுகளும் நின்னு பாத்தாக. அத்தனை கண்ணும் எம்மேல.

"இல்ல மாமா"ன்னேன். "நான் வெரலைத்தான் புடிச்சேன்."

எங்கொழுந்தன் வாயைத் தொறந்தவன் மூடல. "அன்னைக்குத் துண்டு குலுங்குச்சே மதினி?"

"குலுங்கும். கெட்டியாப் புடிச்சேன்."

மாமா தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. "இத்தனை ஆம்பளை இருந்து, ஒரு பொம்பளைப் புள்ளைக்கு இருந்த ரோசனை நமக்கு இல்லாமப் போச்சே"ன்னு அவுக வாய்க்குள்ளயே சொன்னாக. எந்திரிச்சவுக உக்காந்தாக. நான் விடல. "இப்பத் துண்டும் இல்ல, தரகரும் இல்ல. மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. மேக்க மூடுறமா இல்லையா? மாட்டேங்கிறவுக கையைத் தூக்குங்க"ன்னேன். ஒரு கை எந்திரிக்கல.

"முடிஞ்சது"ன்னேன்.

அன்னையில இருந்து அந்த ஊர்ல என்னை ரோசனைக்காரின்னுதான் சொன்னாக. மறு வருசமும் கேட்டாக, அதுக்கு மறு வருசமும் கேட்டாக. நானும் சொன்னேன், மூடினாக. நான் என்ன புடிச்சேன்னு தெரிஞ்ச ஆளு உலகத்துலயே அந்த ஒருத்தருதான். அருப்புக்கோட்டைச் சந்தைக்குப் போறப்பல்லாம் எங்கண்ணு கூட்டத்துக்குள்ள சேப்புக் கரைத் துண்டைத் தேடும். வந்துறக் கூடாதேன்னு பாதி மனசு பதறும். ஒரு தடவை வந்துற மாட்டாரான்னு மீதி மனசு கெடந்து அடிச்சுக்கும்.